கொட்டமுத்து எண்ணெயும் நீவிய கைகளும்

சேர்வராயன் மலைக்குத் தெற்கே தொடங்கி, கிழக்கே கொல்லிமலை அடிவாரம் வரையிலும் மேற்கிலும் தெற்கிலும் காவிரிக் கரை வரையிலும் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு, 1997 ஜனவரி 1 வரை சேலம் என்ற ஒரே மாவட்டமாக இருந்து, அன்றுமுதல் சேலம், நாமக்கல் என இரண்டாகப் பிரிந்தது. ஆற்றோரப் பகுதிகளை விட்டால் மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலங்களே இங்கு மிகுதி. ஏற்றம் இறைத்தல், கல் உடைத்தல், தறியில் அமர்ந்து நாள் முழுவதும் மிதித்தல், மூட்டை தூக்குதல் என உடலை வருத்திச் செய்த வேலைகளாலேயே இப்பகுதியின் செல்வம் திரண்டது. அவ்வுடல்களே பொங்கல் நாட்களில் எருதாட்டத்தில் இறங்கின, கோயில் திருவிழாக்களில் சிலம்பம் சுற்றின, அறுவடை முடிந்த காட்டில் கோடு கிழித்துச் சடுகுடு ஆடின. இந்த உடல்களின் வலியைத் தணித்தவர்கள் யார், எதைக் கொண்டு தணித்தார்கள், அவர்களுடைய கைத்திறன் பின்னர் என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு பயிரின் கதையும் ஒரு சாதியின் கதையும் ஒரு மருத்துவ முறையின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

பயிரிலிருந்து தொடங்குவதே முறை. இப்பகுதியில் கொட்டமுத்து என்று வழங்கும் ஆமணக்கு விதை, தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டாரத்தில்தான் இன்றும் பெருமளவு விளைகிறது. நிலக்கடலைக் காட்டில் ஊடுபயிராகவும் மஞ்சள் வயலின் ஓரத்தில் வரப்புப் பயிராகவும் நிற்கும் இச்செடி, வறட்சியைத் தாங்கக்கூடியது. சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவருவதும், அங்கிருந்து 2009-இல் ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ரகம் வெளிவந்ததும், இந்த மண்ணுக்கும் ஆமணக்குக்கும் உள்ள பழைய உறவின் தொடர்ச்சியே ஆகும். மண்ணெண்ணெய் வருவதற்கு முன் வீட்டு விளக்கில் எரிந்ததும் வண்டி அச்சுக்கு இட்டதும் மூட்டு வலிக்குப் பூசியதும் குழந்தையின் வயிற்றைச் சுத்தப்படுத்தக் கொடுத்ததும் இந்த ஒரே எண்ணெய்தான். வீடுகளில் இதனை எடுத்த முறை பொறுமையை வேண்டுவது: முத்தை வறுத்து அல்லது அவித்து வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு இடித்து, இடித்த மாவை வாய் அகன்ற பானையில் நீரோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டால், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அதனை அகப்பையால் மெல்ல வழித்தெடுத்து, ஒட்டியிருக்கும் நீர் வற்றும்வரை மீண்டும் காய்ச்சி ஆறவைப்பார்கள்.

ஆமணக்கு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் இருப்பது ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பிற தாவர எண்ணெய்களில் அரிதாகவே காணப்படும் இதுவே அந்த எண்ணெய்க்கு அதன் கெட்டித் தன்மையைத் தருகிறது. நல்லெண்ணெய் கைக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். விளக்கெண்ணெய் எனப்படும் ஆமணக்கெண்ணெயோ தோலைப் பற்றி நின்று கையின் வேகத்தைக் குறைக்கும். ஆகையால் உடல் பிடிப்பவர்கள் தனி விளக்கெண்ணெயைச் சுளுக்கு உள்ள சிறு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதுகு, தொடை போன்ற அகன்ற பகுதிகளுக்கு நல்லெண்ணெயைக் கலந்து, பூண்டுப் பல்லோ கற்பூரமோ இட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்தார்கள். நொச்சி, வாதநாராயணன், தழுதாழை ஆகியவற்றின் இலைகளை எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது இதன் அடுத்த படி. உள்ளுக்குக் கொல்லிமலையிலிருந்து இறங்கிய முடவாட்டுக்கால் கிழங்கு இருந்தது. பாறைகளில் ஒட்டி வளரும் பெரணி வகையொன்றின் இந்த மயிரடர்ந்த தண்டினை மூட்டு வலிக்குச் சாறாக வைத்துக் குடிக்கும் பழக்கம் மலையிலும் அடிவாரச் சந்தைகளிலும் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எண்ணெய் ஒரு துணைப்பொருள்தான். சிகிச்சை என்பது கையின் வேலை. சித்த மருத்துவம் அகமருந்துகள் 32 என்றும் புறமருந்துகள் 32 என்றும் வகுத்து, புறமருந்துகளுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைக்கிறது. எண்ணெய் இட்டோ இடாமலோ உடலைக் கையால் பிடித்தும் அழுத்தியும் அசைத்தும் வாதத்தைத் தணிக்கும் முறையே தொக்கணம். வாதம் என்பது உடலின் இயக்கத்தையும் வலியையும் ஆள்வதாகச் சித்தர்கள் கருதிய உயிர்த்தாது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதன் செயல்கள் ஒன்பது. இந்த வரிசையை ஊன்றிப் பார்த்தால், தசையின் மேல் செய்யும் வேலைகளும் மூட்டின் மேல் செய்யும் வேலைகளும் ஒரே பெயரின் கீழ் நிற்பது விளங்கும். தட்டலும் பிடித்தலும் தசைக்கு உரியவை. இழுத்தலும் அசைத்தலும் மூட்டைத் தொடுபவை. ஆகவே முன்னவற்றில் தவறு நேர்ந்தால் வலியோடு போகும், பின்னவற்றில் தவறு நேர்ந்தால் எலும்போ நரம்போ கெடும். தொட்டால் உயிருக்கே ஊறு நேரும் என்று அஞ்சப்பட்ட 108 வர்ம இடங்களை, 12 படுவர்மம், 96 தொடுவர்மம் எனப் பிரித்து ஆசான்கள் மனப்பாடம் செய்வித்ததன் உட்பொருளும் இதுவே: எங்கே அழுத்த வேண்டும் என்பதை அறியும் முன் எங்கே அழுத்தக் கூடாது என்பதை அறிந்தாக வேண்டும்.

நூல்கள் இவ்வாறு வகுத்தபோதும், கிராமங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்தினரே. முடி திருத்துதலும் கட்டி கீறுதலும் புண்ணுக்குக் கட்டுப் போடுதலும் சுளுக்கு எடுத்தலும் ஆண்களின் பொறுப்பு. பிள்ளைப்பேறு பார்த்தலும், பெற்றவளின் இடுப்புக்கு எண்ணெய் இட்டு உருவுதலும், குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி உரம் எடுத்தலும் அக்குடும்பத்து மருத்துவச்சியின் பொறுப்பு. ஊதியம் காசாக வருவது அபூர்வம். அறுவடைக் களத்தில் அளந்து விடும் தானியமும் திருமணத்தில் கிடைக்கும் வேட்டியுமே ஆண்டுக் கணக்கை நேர்செய்தன. கொங்கு நாட்டுத் திருமணங்களில் நாவிதருக்கு இன்றும் தவிர்க்க முடியாத சடங்கு உரிமை உண்டு என்பதை அப்பகுதியினர் அனைவரும் அறிவர். ஆனால் அந்த மதிப்பு மணப்பந்தலோடு நின்றுவிட்டது, மறுநாள் அதே வீட்டின் திண்ணைக்கு மேல் அவர் ஏற முடிந்ததில்லை.

இந்தக் குடியினர் மருத்துவத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டது எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததாகச் சொல்ல முடியாது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்ற மருத்துவசாலையைப் பற்றிப் பேசும்போது, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் ஆகியோரோடு நாவிதரையும் பணியாளர் வரிசையில் வைத்து ஊதியம் வகுக்கிறது; அங்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த இலசுனாதி ஏரண்ட தைலமும் இடம்பெறுகிறது. காஞ்சிபுரம் பக்கத்து ஓர் ஊரின் கல்வெட்டு சேலத்து வழக்கத்துக்கு நேர்ச்சான்று ஆகாது என்றாலும், சேலம் வீடுகளில் பாட்டிமார் காய்ச்சிய பூண்டு எண்ணெய்க்குத் தமிழகத்தில் குறைந்தது 900 ஆண்டு எழுத்து வரலாறு உண்டு என்பதையும், நாவிதரின் கை ஒருகாலத்தில் மருத்துவசாலைக்கு உள்ளேயே இருந்தது என்பதையும் அது உறுதிப்படுத்துகிறது.

அந்தக் கையை வெளியே தள்ளிய வேலையைச் சாதி தொடங்கிவைத்தது, சட்டம் முடித்துவைத்தது. 1914-இன் சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் மேலை மருத்துவம் பயின்றவர்களை மட்டுமே மருத்துவர்களாகப் பதிவு செய்தது. அதன்பின் எழுந்த எதிர்ப்பின் விளைவாக முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923-இல் தன் அறிக்கையைத் தந்து, நாட்டு மருத்துவத்துக்கு அரசுப் பள்ளி ஒன்று வேண்டும் என்ற கருத்தை வலுப்படுத்தியது. சென்னையில் அப்பள்ளியும் விரைவிலேயே தொடங்கியது. ஆனால் பள்ளிக்குள் நுழைய எழுத்தறிவும் பணமும் வேண்டியிருந்தமையால், சித்த மருத்துவம் நூலறிந்தோரின் மருத்துவமாக மறுபிறவி எடுத்தபோது, அதனைக் கையால் செய்துகாட்டியவர்களுள் பலர் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். நாவிதர் சமூகத்திலிருந்தே எழுந்த சித்த மருத்துவரான பண்டிதர் எஸ்.எஸ். ஆனந்தம் போன்றோர், மருத்துவம் தங்கள் குலத்தின் மரபுரிமை என்று 1920-களின் பிற்பகுதியில் உரத்துக் கூறியதன் பின்னணி இதுதான். அவர்களுடைய குரலில் இருந்த நியாயம் இன்னும் முழுமையாகக் கேட்கப்படவில்லை.

இங்கே ஐரோப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும். ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் ஒன்றை அமைத்து, பயிற்சியோடு உடல் பிடித்தலையும் மருத்துவமாகக் கற்பித்தார். பின்வந்த டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் கையின் செயல்களை நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என வகைப்படுத்தினார். தொக்கணத்தின் ஒன்பதோடு இவற்றை ஒப்பிடுவோர் ஒற்றுமையை எளிதில் கண்டுகொள்வர். அங்கும் இந்த வேலைக்கு மதிப்பு எளிதாக வந்துவிடவில்லை. மசாஜ் என்ற பெயரில் நடந்த தீய தொழில்களால் தங்கள் பணிக்கு இழுக்கு நேர்வதைக் கண்டு, 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினர். பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றால் அது வளர்ந்து, இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி தொழிலின் தாய் அமைப்பாயிற்று. லண்டனில் இழுக்கைத் துடைக்கத் தேர்வும் சான்றிதழும் கிடைத்தன. சேலத்து நாவிதருக்கும் மருத்துவச்சிக்கும் அப்படி ஒரு தேர்வை வைக்கவே எவரும் முன்வரவில்லை.

ஆட்டக்களத்தில் இந்தக் கைகளுக்கு என்ன வேலை இருந்தது என்பதை இனிக் காணலாம். சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவரின் கணுக்காலைப் பிடித்து இழுப்பது முதன்மையான உத்தி. ஆகையால் கணுக்கால் பிசகும் முழங்கால் திருகலும் அந்த ஆட்டத்தோடு ஒட்டிப் பிறந்தவை. சிலம்பத்தில் மணிக்கட்டும் தோளும், எருதாட்டத்தில் விலாவும் இடுப்பும் அடிபடும். ஆட்டம் முடிந்த இரவு வெந்நீர் வார்த்து, மறுநாள் எண்ணெய் இட்டு நீவி, வீக்கம் இருந்தால் புளியும் மஞ்சளும் கல்லுப்பும் குழைத்துக் கொதிக்கவைத்த பற்றினைப் போட்டு, மூன்றாம் நாள் தவிட்டு ஒத்தடம் கொடுத்து என ஒரு வரிசை இருந்தது. அதனோடு நம்பிக்கைகளும் கலந்திருந்தன. கால் முன்னே வரப் பிறந்தவர் தம் காலால் முதுகை நீவினால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை அவற்றுள் ஒன்று. அத்தகைய பிறப்புடையவரைத் தேடி அடுத்த ஊர் வரை செல்வதும் உண்டு. முதுகுப் பிடிப்பின் பெரும்பகுதி சில நாட்களில் தானாகவே தணியக்கூடியது என்பதை எண்ணினால், காலால் நீவியவரின் புகழ் வளர்ந்த விதம் எளிதில் விளங்கும்.

எலும்பு முறிவு இதனினும் கடினமான களம். புத்தூர்க் கட்டு என்ற பெயர்ப்பலகைகள் தமிழகமெங்கும் தொங்குவதற்குக் காரணமான ஆந்திரத்துப் புத்தூர் மரபைப் போலவே, இங்கும் மூங்கில் தப்பைகளை வைத்து, முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவிய துணியால் சுற்றிக் கட்டுவார்கள்; காய்ந்ததும் அது கெட்டியான உறையாகி முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்தும். இன்று இந்தியாவின் பெரிய முட்டைச் சந்தைகளுள் ஒன்றாக நாமக்கல் விளங்குகிறது. கோழிப்பண்ணைகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வூர் மக்களுக்கு முட்டை ஒரு மருந்துப் பொருளாகவும் இருந்தது. கட்டுகளால் நேராகச் சேர்ந்த எலும்புகள் ஏராளம் என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், கட்டு இறுகிப் போய் இரத்த ஓட்டம் தடைபட்டு முன்கைத் தசைகள் சுருங்கிய பிள்ளைகளையும், அடிபட்ட முழங்கையை நாள்தோறும் அழுத்தி நீவியதால் தசைக்குள்ளேயே எலும்பு படர்ந்து மூட்டு இறுகிப்போனவர்களையும் எலும்பு மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். மரபைப் போற்றுவோர் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது அந்த மரபுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

அப்படியானால் கையால் நீவுவதன் உண்மையான பயன் என்ன? ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக உலவும் விளக்கம், உழைத்த தசையில் தேங்கிய கெட்ட நீரோ லாக்டிக் அமிலமோ நீவுவதால் வெளியேறுகிறது என்பது. ஆய்வுகள் இதனைத் தாங்கவில்லை. லாக்டேட் என்ற அப்பொருள், ஓய்ந்து உட்கார்ந்தாலே ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது, மெல்ல நடந்தால் இன்னும் விரைவில் நீங்குகிறது; கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வோ, உடற்பயிற்சிக்குப் பின் தசையை அழுத்திப் பிசைவது இரத்த ஓட்டத்தைத் தடுத்து அந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவதாகக் கண்டது. அதே நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு கவனத்துக்குரியது. 11 இளைஞர்களை மிதிவண்டிப் பயிற்சியால் களைப்படையச் செய்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் நீவிவிட்டு, இரு கால்களின் தசைத் துணுக்குகளையும் எடுத்து ஒப்பிட்டபோது, நீவிய காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்தும், உயிரணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களைப் புதிதாக உருவாக்கும் சமிக்ஞைகள் கூடியும் இருந்தன. லாக்டேட்டில் வேறுபாடு எதுவும் இல்லை. பதினொருவர் என்பது சிறிய எண் என்பதால் இதன்மேல் பெரிய முடிவுகளைக் கட்ட இயலாது.

2020-இல் பிரிட்டனில் 29 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,012 பேரையும் தொகுத்துப் பார்த்த ஆய்வு இன்னும் தெளிவான விடையைத் தந்தது: மசாஜ் செய்துகொள்வதால் ஓட்ட வேகமோ தாவும் உயரமோ தசை வலிமையோ கூடுவதில்லை, ஆனால் உடலின் வளையும் தன்மை சிறிது கூடுகிறது, கடும் பயிற்சிக்கு அடுத்த இரண்டு நாட்களில் உச்சம் அடையும் தசைவலியும் சிறிது குறைகிறது. வலி குறைவதற்கான வழியொன்றை ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-லேயே விளக்கியிருந்தனர். தொடு உணர்வையும் வலி உணர்வையும் சுமக்கும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரே வாயிலில் சந்திக்கின்றன என்றும், தொடு உணர்வு நிறைந்து வரும்போது வலிக்கு அவ்வாயில் ஒருபாதி சாத்தப்படுகிறது என்றும் அவர்கள் கூறினர்; இடித்துக்கொண்ட முழங்காலைக் கை தானாகத் தேய்ப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. முதுகு வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரையை நாடும் முன் வெப்ப ஒத்தடம், மசாஜ் போன்றவற்றை முயலுமாறு கூறுகிறது. அவற்றுள் ஒத்தடத்துக்கான சான்று மசாஜுக்கான சான்றைவிட வலுவானது என்றும் குறிக்கிறது. தவிட்டு ஒத்தடத்தையும் உப்பு ஒத்தடத்தையும் விடாமல் வைத்திருந்த வீடுகளுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதாகும்.

இந்தியாவில் பிசியோதெரபி கல்வி 1950-களின் தொடக்கத்தில், இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்த குழந்தைகளை நடக்கவைக்கும் தேவையிலிருந்து மும்பையில் தொடங்கியது. சேலத்தில் இன்று பிசியோதெரபி கல்லூரியும் உண்டு. கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர்கோவிலை ஒட்டிச் சிவராஜ் சித்த மருத்துவக் கல்லூரியும் உண்டு. இதே நிலத்திலிருந்து எழுந்த ஆட்டக்காரர்கள் உலக அரங்குகளை அடைந்துவிட்டார்கள். ஐந்து வயதில் பேருந்து மேலேறியதால் வலக்கால் சிதைந்த பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமாகி, 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவைக்கு உள்ளானார். 2023-இல் தம் ஊரிலேயே ஒரு மைதானத்தையும் திறந்துவைத்தார். இந்த நிலையை எட்டியவர்களுக்கு ஸ்கேன், அறுவை, படிப்படியான பயிற்சி, அவற்றுக்கிடையே தசையை நீவிவிடும் கை என முழுமையான ஏற்பாடு அமைகிறது. அவர்களைப் பார்த்துப் பந்து வீசவும் தாண்டவும் தொடங்கியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கோ கணுக்கால் பிசகினால் முதலில் கிடைப்பது பாட்டியின் விளக்கெண்ணெயும், சுளுக்கு எடுக்கும் முதியவரின் கையும், சில வேளைகளில் சலூன் நாற்காலியில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கும் பழக்கமும்தான். கடைசியாகச் சொன்ன இது, மூளைக்குச் செல்லும் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவரைக் கிழித்துப் பக்கவாதத்தில் முடியக்கூடும் என்பதால், தயக்கமின்றிக் கைவிட வேண்டியது.

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபி வல்லுநர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஊரில் சுளுக்கு எடுப்பவருக்கும் பிள்ளை பெற்றவளின் இடுப்பை உருவுபவருக்கும் அதில் இடம் இல்லை. அவர்களைச் சட்டத்தால் விரட்டினாலும் ஊர் அவர்களை நாடியே செல்லும். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவை மிகுதியும் அல்ல: அடிபட்ட முதல் இரண்டு நாட்களில் அழுத்தி நீவாதிருத்தல், கால் ஊன்ற முடியாவிட்டால் எண்ணெய் தொடும் முன் எக்ஸ்ரே எடுக்க அனுப்புதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்குழாயில் இரத்த உறைவு என ஐயுற்று நீவாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல், குழந்தையின் முழங்கையை ஒருபோதும் உருவாதிருத்தல். சேலத்தின் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இந்நான்கையும் ஊர்தோறும் அந்த முதியவர்களிடம் எடுத்துச் செல்லக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன.